அர்த்தம் தெரியாத பாட்டு

அச்சுவேலியில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் அந்த மனிதரின் சட்டைப்பையில் பேனை இருக்காது, டெஸ்டர்தான் இருக்கும். எந்தப் பெட்டியைத் திருத்தினாலும் ஒரே சீடியைப் போட்டுத்தான் சோதிப்பார். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய செட் ஒன்றுக்குள் கிடந்த ஸ்பானிய சீடி அது. பியானோவோடு ஒரு பெண் தன் நாட்டுக் கிராமத்துப் பாட்டுகளைப் பாடுவாள். அவர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார்.

வாசிகசாலை விளையாட்டுப் போட்டிக்குப் பெட்டி எடுக்கப் போனபோது கேட்டேன்.

"ஏன் அண்ணை, தமிழிலை பாட்டில்லையோ?"

"முந்தி ஒரு தமிழ்ப் பாட்டுக்கு அர்த்தம் கேட்டு ஆமிக்காரங்கள் என்னைக் கொண்டுபோய் அடிச்சவங்கள். இதுக்கு என்ன அர்த்தமெண்டு எனக்கே தெரியாது தம்பி. ஆர் வந்து கேட்டாலும் பயமில்லை."

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்றும் அவள் பாடிக்கொண்டிருந்தாள். சிவில் உடையில் வந்த புலனாய்வுக்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே கேட்டார்.

"இது என்ன பாட்டு? என்ன சொல்லுது?"

"தெரியாது சேர்."

"விளங்காத பாட்டு ஏன் போடுறது?"

கடைக்கார அண்ணை பாட்டை நிறுத்தினார்.

இப்போது அந்தக் கடையைக் கடக்கும்போதெல்லாம் பெட்டிக்குள்ளிருந்து அவருடைய குரல்தான் கேட்கிறது. "ஒண்டு, ரெண்டு, மூண்டு."

அதற்கு என்ன அர்த்தம் என்று இன்னும் யாரும் வந்து கேட்கவில்லை.