வெட்டாமல் விட்டிருந்த புல்

எழுபதுகளின் நடுவில், யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து வந்து பிளாக்டவுனில் நானும் கணவரும் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு முன்னால், தெருவை ஒட்டி ஒரு புல்துண்டு இருந்தது. ரயில் பாதைக் கரையிலிருந்து விதை வந்து அதில் கொரியோப்சிஸ் முளைத்திருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த பூவாம். அதனிடம் யாரும் விசா கேட்கவில்லை. நுனியைக் கத்தரித்துவிட்டது போன்ற இதழ்களோடு மஞ்சளாகப் பூக்கும். எங்கள் வளவில் வேறு பூ இல்லாததால் என் சாமிப்படங்களுக்கு அதுதான். அதற்காகவே அந்தத் துண்டை வெட்டாமல் விட்டிருந்தேன்.

அந்த வசந்தத்தில் யாழ்ப்பாணத்தில் அம்மா இறந்துபோனார். தந்தி வந்தபோது எரித்து இரண்டு நாளாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் நான் புது நர்ஸ். லீவு கேட்க மேட்ரனின் அறை வாசல்வரை போனேன். "என்ன விஷயம்?" என்றார். "ஒன்றுமில்லை" என்று சொல்லித் திரும்பிவந்து கட்டில் விரிப்பு மாற்றினேன். என் வாய் அந்த மாதம் முழுக்க அப்படித்தான் இருந்தது. அலுப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கலியாணம் கட்டிப் போன மகளுக்குத் துடக்குத் தீட்டு மூன்று நாள்தான் என்பார்கள். நான் பிடிவாதமாக முப்பது நாளும் காத்தேன். சாமிக்குப் பூ வைக்கவில்லை. பறிப்பாரில்லாமல் செடிகள் முழங்கால் உயரத்துக்குப் பூத்து நின்றன. முப்பத்தோராம் நாள் அம்மாவின் படத்துக்குக் கை நிறையப் பூ வைக்க வேண்டும். போகாதவள் செய்யக்கூடியது அது ஒன்றுதான்.

அன்று காலை வேலை முடிந்து ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும்போதே வெட்டிய புல்லின் மணம் வந்தது. புல்துண்டு மொட்டையாகக் கிடந்தது. பக்கத்து வீட்டுக் கிழவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மெஷினோடு நின்றார்.

"இரண்டு பேரும் வேலையே கதி என்று இருக்கிறீர்கள். ஒரு மாதமாகப் பார்க்கிறேன், அதுதான் நானே வெட்டிவிட்டேன்," என்றார் ஆங்கிலத்தில்.

கெட்டது செய்தவனைத் திட்டலாம். நல்லது செய்தவரை என்ன செய்வது? "தாங்க் யூ" என்றேன். போதாதென்று இன்னொரு தடவையும் சொன்னேன்.

கணவர் குசினியில் படையலுக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தார்.

"பூ எங்கை?"

"பக்கத்து வீட்டு மனுசன் வெட்டிப்போட்டார்."

"அம்மாவுக்கெண்டு முதலே அவருக்குச் சொல்லியிருக்கலாமே."

"நான் ஆருக்கு எதைச் சொன்னனான்?" என்று கத்திவிட்டேன். பாவம், அவர் திரும்பி மிச்சக் கஞ்சியை வடித்தார்.

முழுகிவிட்டு, வேலியோரம் கிழவர் கொட்டியிருந்த புற்குவியலைக் கிளறினேன். நசுங்காத பூ ஏழெட்டுக் கிடைத்தது. நிலத்தில் விழுந்த பூவை அம்மா ஒருநாளும் படத்துக்கு வைத்ததில்லை. சின்ன வயதில் நான் வைக்கப் போய் அடி வாங்கியிருக்கிறேன். ஒட்டியிருந்த புல்லைத் துடைத்து அம்மாவின் படத்தடியில் வைத்தேன்.

"விழுந்த பூதானணை அம்மா. நான் வந்திருக்க வேணும். லீவு கேக்கப் பயந்து வராமல் விட்டிட்டன்," என்றேன்.

அந்த ஒரு மாதத்தில் நான் வாய் திறந்து சொன்ன முதல் உண்மை அதுதான். கேட்கத்தான் ஆள் இல்லை.