காடியில் நனைத்த துணி

பன்றி இறைச்சியைப் புகையில் வாட்டி விற்பவளை எங்கே முகர்ந்தாலும் வினிகர்தான். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டிலேயே அடுப்பு மூட்டிப் பிழைக்கிற உங்களுக்கு இது புரியும். என் வீட்டுக்காரர் கப்பல் வேலைக்குப் போகும்போது, கொல்லையில் இறைச்சிக்குப் புகை போடும் ஒரு இரும்பு ட்ரம்மையும் காரைக்கால் பார் ஒன்றின் வாராந்திர ஆர்டரையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனார். அவர் சம்பளம் வந்து சேரும்வரை எங்களுக்குச் சோறு அந்த ட்ரம்தான்.

எந்தக் காடி?

மணிக்கணக்காகப் புகையில் கிடக்கும் இறைச்சி காய்ந்து கட்டையாகாமல் இருக்க, வினிகரில் மிளகாய், பூண்டு, வெல்லம், உப்பு கலந்து அடிக்கடி தடவ வேண்டும். வினிகர் தீர்ந்த அன்று கோட்டுச்சேரிக் கடையில் போய்க் காடி கேட்டேன். வினிகருக்குக் கான்வென்டில் சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்த சுத்தத் தமிழ் அது. கடைக்காரர் உள்ளே போய் ஒரு கேன் கொண்டுவந்தார். புளித்த வாடை வந்தது, நம்பிவிட்டேன். தடவத் தடவ ட்ரம் மாட்டுக்கொட்டகையாக நாறியது. அது மாட்டுக்கு வைக்கும் புளித்த கழுநீர். திரும்பப் போய் நின்றபோது அவர் சொன்னார்: “வினிகர்னு கேக்க வேண்டியதுதானேம்மா. காடின்னதும், பாவம், மாடு வச்சுப் பொழைக்கிற புள்ளன்னு வீட்லேர்ந்துல்ல எடுத்தாந்து குடுத்தேன்.”

குச்சியும் துணியும்

தடவுகிற பிளாஸ்டிக் பிரஷ் சூட்டில் உருகிவிட்டது. மூங்கில் குச்சி நுனியில் பழைய துணியைச் சுற்றி, காடியில் தோய்த்துத் தடவ ஆரம்பித்தேன். குச்சியை நீட்டும்போதெல்லாம் பெரிய வெள்ளிக்கிழமை வாசகம் ஞாபகம் வரும். சிலுவையில் தொங்கியவர் வாய்க்குக் காடியில் தோய்த்த பஞ்சை இப்படித்தானே குச்சியில் நீட்டினார்கள். பூசை முடிந்து கறி வாங்க வந்த லூர்து அண்ணனிடம் அதைச் சொல்லித் தொலைத்தேன். “அவரு ஒரு வாயோட நிறுத்திக்கிட்டாரு தங்கச்சி. நமக்கு ரெண்டு கிலோ, கொழுப்போட.”

பக்கத்து வீடு

மத்தியானம் கடல்காற்று திரும்பியதும் புகை வீட்டுக்குள் வரும். சொட்டுகிற வினிகர் கரியில் விழுந்தால் அந்தப் புகை தொண்டையை அறுக்கும். இரண்டு வயது மகள் இருமத் தொடங்கினாள். ராத்திரியில் அவள் நெஞ்சில் காது வைத்துப் படுப்பேன். உள்ளே பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம்.

ஒருநாள் புகை மதிலைத் தாண்டிப் போக, பக்கத்து வீட்டு சுலைகா அக்கா வாசலில் வந்து நின்றார். பன்றிப் புகை, சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் குழந்தையை இடுப்பில் வாங்கிக்கொண்டார். “ஒன் கறிதான்டி எங்களுக்கு ஆவாது. புள்ளையுமா ஆவாது? கண்ணு செவந்து கெடக்கு, பாக்க மாட்டியா?”

யார் புகை பிடிப்பது?

அன்றிலிருந்து மகள் பகலில் அக்கா வீட்டில் இருந்தாள்; புகை அங்கேயும் போனது. ஒரு காலையில் மகளுக்கு மூச்சு இழுக்க, ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். முகமூடி மாட்டி மருந்தைப் புகையாகக் கொடுத்தார்கள். புகைக்கும் மருந்து புகை. வீட்டில் யார் புகை பிடிப்பது என்று கேட்டார் டாக்டர். நான்தான் என்றேன். பேனா நின்றது. ஒரு நாளைக்கு எவ்வளவு என்றார். பதினைந்து கிலோ என்றேன். நர்ஸ் திரும்பிக்கொண்டு சிரித்தார். விஷயம் விளங்கியதும் டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. “ட்ரம்ம நிறுத்துங்க. இல்லன்னா அடுத்த தடவ இங்க வந்து நேரத்த வீணாக்காதீங்க, நேரா பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க.”

புகை எங்கே?

அந்த வாரம் ட்ரம்மை மூட்டாமல், அதே காடியை ஊற்றிச் சட்டியில் வதக்கிக் கொண்டுபோனேன். பார் மாஸ்டர் ஒரு துண்டை வெகுநேரம் மென்றார். “புளிப்பு இருக்கு, காரம் இருக்கு. பொகை எங்கம்மா? அதுக்குத்தான வர்றானுவோ. அடுத்த வாரமும் இப்படின்னா நான் வேற ஆளப் பாத்துக்குறேன்.”

காடி தடவினால் இறைச்சி எவ்வளவு புகையையும் தாங்கும் என்று கற்றுக்கொண்ட எனக்கு, மகளுக்கு எதைத் தடவுவது என்று மட்டும் இன்னும் தெரியவில்லை.