மாப்பிள்ளைக்குக் காட்டிய ஆனைவாயன்

எங்கள் குளத்தில் ஆனைவாயன் இருக்கிறது என்று முதலில் சொன்னவன் நான் இல்லை. ஆனால் அதற்குச் சோறு போட்டு வளர்த்தவன் நான்தான். சீவலப்பேரிக்குப் போகிற டவுன் பஸ்ஸில் ஏறினால் பாதி வழியில் எங்கள் ஊர். தாமிரபரணிக் கால்வாய் வந்து நிரப்புகிற குளம். அதன் மடையைத் திறப்பதும் அடைப்பதும் இருபது வருஷமாக என் வேலை. மடைமேடையில் ஓர் இரும்புச் சக்கரம் இருக்கும். அதைத் திருகினால் அடியில் பலகை உயரும், வயலுக்குத் தண்ணீர் பாயும். அப்போது மேடைக்கு முன்னால் குளத்து நீர் சுழித்துக் குழி விழும். அடியில் இழுக்கிற இழுப்பு அப்படி. கால் சிக்கினால் ஆளை மடைக்குள் செருகிவிடும்.

இதைப் பிள்ளைகளிடம் விளக்கிச் சொன்னால் கேட்குமா? ஆனைவாயன் மூச்சு விடுகிறான் என்றால் கேட்கும். ஆனை அளவு வாய், உடம்பை யாரும் பார்த்ததில்லை, காலைப் பிடித்தால் விடாது. இவ்வளவுதான் முன்னோர் சொல்லிவைத்தது. நான் என் பங்குக்கு இரண்டு வரிசைப் பல்லையும், ஓர் எருமையை முழுசாக விழுங்கிய வரலாற்றையும் சேர்த்தேன். என் காலத்தில் மடைப்பக்கம் ஒரு பிள்ளைகூட இறங்கியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்தத் தலைக்கனத்துக்குத் தீனி போடுவது மாதிரி, இரண்டு வருஷத்துக்கு முன் செல்போனும் கையுமாக யாரோ வந்தார்கள். நான் மடைமேடையில் நின்று எருமைக் கதையைச் சொன்னேன். வீடியோ எங்கெங்கோ சுற்றியது. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆனால் குளத்தங்கரையில் கார் நிற்க இடமில்லை. ஆனைவாயன் பஜ்ஜிக் கடை வந்தது. கரையில் இருந்த மோட்டார் ரூம் சுவரில் ஆனைவாயனை வரைந்தார்கள். வரைந்தவனுக்குக் கை நல்ல கை, ஆனால் பல்லைக் காட்டிச் சிரிக்கிற ஆனைவாயனை வரைந்துவிட்டான். பிள்ளைகள் அதன் வாய்க்குள் தலையை விட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். எருமையை விழுங்கியது இப்போது கொஞ்சுகிற பொருளாகிவிட்டதே என்று எனக்கு எரிச்சல். ஆனாலும் வந்தவர்கள் எல்லாம் என்னோடும் நின்று படம் எடுத்தார்கள், நானும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

போன பொங்கல் என் மகளுக்குத் தலைப்பொங்கல். மாப்பிள்ளைக்கு ராதாபுரத்துப் பக்கம், பனங்காட்டு ஊர். அங்கெல்லாம் கிணற்றுத் தண்ணீரைத்தான் பார்ப்பார்கள். எங்கள் குளம் கரை ததும்பிக் கிடப்பதைப் பார்த்து அவர் வாயைப் பிளந்தார். பொங்கலுக்கு மறுநாள், கரிநாள் அன்று காலையிலேயே, ஆனைவாயனைப் பார்க்க வேண்டும் மாமா என்று கேட்டுவிட்டார்.

எங்கள் பக்கம் புது மாப்பிள்ளை கேட்டு இல்லை என்று சொல்கிற வழக்கம் கிடையாது. அவர் தும்மினால் நாலு பேர் எழுந்து நிற்போம். ஆனால் பொங்கலுக்கு இரண்டு நாள் மடை அடைத்திருக்கும். அடைத்த மடையில் சுழி ஏது, ஆனைவாயன் ஏது? வெறும் தண்ணீரைக் காட்டி அனுப்பினால் மாமனார் வீட்டு மரியாதை என்னாவது என்று எனக்குப் பட்டது. மனைவியும் மகளும் கரையில் நிற்க, அவரை மேடைக்குக் கூட்டிப்போய், வயலுக்குத் தேவையே இல்லாத தண்ணீரை, எட்டுத் திருகு திறந்துவிட்டேன். அவருக்காகவே திறக்கிறேன் என்று வாய்விட்டும் சொன்னேன். சுழி அழகாக விழுந்தது. இத்தனை வருஷத்தில் அவ்வளவு பெரிய சுழியை நானே கண்டதில்லை.

மாப்பிள்ளை வீடியோ எடுத்தார். பிறகு செல்போனை என் கையில் கொடுத்து, நீங்கள் எடுங்கள் மாமா என்று சொல்லிவிட்டு மேடையை ஒட்டிய படியில் இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டியபடி இடுப்பளவு தண்ணீருக்குப் போய்விட்டார். கிணற்றில் தலைகுப்புறக் குதித்து நீந்திய ஆள், நீச்சலில் குறை சொல்ல முடியாது. கிணற்றுத் தண்ணீர் ஆளை இழுக்காது. குளத்துத் தண்ணீர் இழுக்கும் என்பது அவருக்குத் தெரியவில்லை.

அப்போதாவது நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. மாப்பிள்ளையை எப்படி அதட்டுவது? தண்ணீர் குளிராக இருக்குமே என்றேன். கரையில் நின்ற என் மனைவி, சாப்பாடு ஆறிவிடும் என்று ஜாடையாகச் சொன்னாள். மகள் மட்டும், போதும் வாங்க என்றாள். புதுப்பெண் குரல் எவ்வளவு தூரம் கேட்கும்? அவர் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு எட்டு வைத்தார். அடுத்த எட்டில் சிரிப்பு நின்றது. கை இரண்டும் தண்ணீரை அடித்தன, உடம்பு மட்டும் சுழியைப் பார்த்து நகர்ந்தது.

செல்போனை எங்கே எறிந்தேன் என்று தெரியாது. சக்கரத்தைப் பிடித்துத் திருகினேன். ஒன்று, இரண்டு, மூன்று. பழைய இரும்பு, ஏறுவதைவிட இறங்கத்தான் அதிகம் அடம் பிடிக்கும். ஐந்தாவது திருகில் அவர் கழுத்து வரை போயிருந்தார். என் மகள் அலறியது காதில் விழுந்தது. அப்போதுதான் என் வாயில் அது வந்தது.

"ஏலே, கூறுகெட்ட மூதி! படிக்கட்டப் புடிலே! புடிச்சிட்டு ஏறுலே!"

எட்டாவது திருகில் பலகை தரை தட்டியது. சுழி மெல்ல மூடிக்கொண்டது. மாப்பிள்ளை படியைப் பிடித்து ஏறி உட்கார்ந்து இருமினார். நான் பக்கத்தில் போய் அவர் கால் இரண்டையும் தடவிப் பார்த்தேன். இரண்டும் இருந்தன. உயிர் திரும்பி வந்தது அவருக்கா எனக்கா என்று சொல்ல முடியவில்லை, அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அவர் ஈர வேட்டியை அவிழ்த்து என் சாரத்தைக் கட்டிக்கொண்டு, பேசாமல் சாப்பிட்டு, பேசாமல் படுத்துவிட்டார். இதைவிடச் சின்னச் சொல்லுக்கெல்லாம் பெண்ணைத் தாய்வீட்டில் கொண்டுவந்து விட்ட கதைகள் எங்களுக்குத் தெரியும். என் மனைவி அடுப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"உசுரக் காப்பாத்துனது சரி. மூதின்னுதான் சொல்லணுமாக்கும்?"

நாலு மணிக்கு மகள் தன் செல்போனைக் கொண்டுவந்து நீட்டினாள். அவள் மாமியார் பேசுகிறார்களாம், என்னைக் கேட்கிறார்களாம். மாப்பிள்ளை மதியமே அதில் அம்மாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்று மட்டும் சொன்னாள். நான் எழுந்து நின்று வாங்கினேன்.

"அண்ணாச்சி, எம் மவனுக்குத் தண்ணியக் கண்டா புத்தி நிக்காது. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே ஒங்ககிட்ட சொல்லியிருக்கணும். சொன்னா சம்மந்தம் நின்னுருமோன்னு வாய மூடிட்டேன். நீங்க வஞ்சது பத்தாது. நாலு அப்பு அப்பியிருக்கணும்."

என் மேலிருந்து ஒரு மூட்டை நெல்லை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. சரி தங்கச்சி என்று சொல்லி அத்தோடு வைத்திருக்கலாம். ஆனால் அந்த அம்மா தன் பிள்ளையையே குற்றம் சொல்லிக்கொண்டு போனார்கள். விவரம் கெட்டவன், யார் பேச்சையும் கேட்காதவன் என்று. அதற்கு மேல் கேட்டுக்கொண்டிருக்க முடியாமல் குறுக்கே பேசினேன்.

"தங்கச்சி, மாப்பிள்ள மேல மட்டும் தப்பு இல்ல. அடச்சிக் கெடந்த மடையத் தெறந்ததே நாந்தான். அவியளுக்குக் காட்டணும்னு தெறந்தேன்."

அந்த அம்மா அதைக் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்கள்.

"அத அவன் சொல்லலியே, அண்ணாச்சி."

சொல்லவில்லையாம். பக்கத்தில் நின்று நான் திறந்ததை முழுசாகப் பார்த்தவர், உங்களுக்காகவே திறக்கிறேன் என்று நான் பீற்றிக்கொண்டதையும் கேட்டவர், பெற்ற தாயிடம் அதை மட்டும் மறைத்திருக்கிறார். நான் வைததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு, என் தவறை மட்டும் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறார்.

அறைக்குள் எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளை என் சாரத்தைக் கட்டிக்கொண்டு வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். என் மகளைப் பற்றி இனிமேல் நான் கவலைப்பட வேண்டியதில்லை என்று அப்போது தோன்றியது.