பதிவில் இல்லாத மணவிலக்கு

நீதிமன்ற அலுவலகத்தின் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நின்று அக்கா தன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்ன அந்தக் காலைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. தடுப்பில் வட்டமாக ஒரு துளை இருந்தது. அதற்குள் பேச வேண்டுமானால் கொஞ்சம் குனிய வேண்டும். அக்கா உயரமானவள். மருத்துவமனையில் ஒரு வார்டையே ஒற்றைக் குரலில் கட்டி மேய்க்கும் தாதி. அன்றைக்கு அந்தத் துளைக்குக் குனிந்து நின்றவளின் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் நடுவில் அவள் திரும்பி வாசலைப் பார்த்தாள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் இரண்டு பேரும் அதற்குப் பல வருடம் முன்பே ஈப்போவிலிருந்து வந்தவர்கள். அக்கா கல்யாணமாகி, கணவரோடு ஆக்லாந்துக்கு முதலில் வந்தாள். நான் படிக்க வந்து அவளோடு தங்கினேன். அவள் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். எனக்கு எப்போதும் நல்லவராகவே இருந்தவர். சத்தம் போட்டுப் பேசமாட்டார். கை நீட்டியதில்லை. அக்கா வேலை முடிந்து வந்ததும் காரில் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று பார்ப்பார். மருத்துவமனைக் கார் நிறுத்துமிடத்தில், அவளுக்குத் தெரியாமல், அவள் வெளியே வரும்வரை தன் காரில் உட்கார்ந்திருப்பார். வீட்டில் அவள் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பார். கேட்டால், "துணைக்குத்தான்லா உட்காந்திருக்கேன்" என்பார். இதையெல்லாம் யாரிடம் போய்ப் புகாராகச் சொல்வது? அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "கொடுத்து வச்சவ நீ" என்றாளாம்.

ஒரு நாள் அக்கா என்னையும் இரண்டு பெட்டிகளையும் கூட்டிக்கொண்டு வெளியேறினாள். அதற்குப் பிறகு மூன்று வீடு மாறினோம். மாறிய ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே சில வாரங்களில் அவருடைய கார் வந்து நிற்கும். அவர் இறங்கமாட்டார், கதவைத் தட்டமாட்டார். பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விடுவார். பிறகு தபாலில் சில தாள்களை அனுப்பிக் கையெழுத்துக் கேட்டார். அக்கா படித்துக்கூடப் பார்க்காமல் போட்டுக் கொடுத்தாள். சில மாதம் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டு, "கோர்ட்ல எல்லாம் முடிஞ்சிருச்சு. இனிமே நீ நிம்மதியா இரு" என்றார். அன்று அக்கா சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதது எனக்கு ஞாபகமிருக்கிறது. சந்தோஷத்தில்தான் அழுதாள். அதன் பிறகு கார் வரவில்லை. அவர் ஏவன்டேலில் வாடகைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டோம். நாங்கள் ரானுயில் இருந்தோம். நகரத்துக்குப் போகும் ரயில் ஏவன்டேல் வழியாகத்தான் போகும். அந்த நிலையம் வரும்போதெல்லாம் அக்கா கைப்பையைத் திறந்து எதையோ தேடுவதுபோல உள்ளே பார்த்துக்கொண்டிருப்பாள். ரயில் கிளம்பிய பிறகுதான் நிமிர்வாள்.

ஏழெட்டு வருடம் இப்படிப் போனது. அக்காவின் வார்டில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா பல நாள் கிடந்து குணமாகி வீட்டுக்குப் போனார். அவரைப் பார்க்க வந்துகொண்டிருந்த மகன், மனைவியை நோயில் இழந்தவர். பாபடோயிட்டோயில் வீடு, விமான நிலையத்தில் வேலை. அம்மா வீட்டுக்குப் போன பிறகும் அவர் மருத்துவமனைப் பக்கம் வந்துகொண்டிருந்தார். அவர்தான் பிற்பாடு எனக்கு அத்தான். கல்யாணத்தைப் பதிவு செய்யப் போனபோது, முதல் கல்யாணம் முடிந்ததற்கான நீதிமன்ற உத்தரவைக் காட்ட வேண்டும் என்றார்கள். "அது ஒரு சின்ன விஷயம்தானே. எடுத்துக்கொண்டு வாங்கோ, நான் எங்கேயும் ஓடமாட்டன்" என்று அத்தான் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அந்தத் தாளை அவள் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை.

விவாகரத்து என்ற பெயரில் தேடினால் இந்த நாட்டில் ஒன்றும் கிடைக்காது என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. சட்டம் அதைத் திருமணத்தைக் கலைத்தல் என்கிறது. கூட்டம் கலைவது, கோலம் கலைவது, உறக்கம் கலைவது எல்லாம் தமிழில் தானாக நடக்கிற காரியங்கள். இங்கே ஒரு கல்யாணம் கலைய அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். எந்த நீதிமன்றம் உத்தரவு போட்டதோ அங்கேதான் கோப்பு இருக்கும். கணவன் மனைவி இருவரின் முழுப்பெயர், கல்யாணம் நடந்த ஊர், நாள், கலைந்த வருடம் சுமாராகவாவது, இவற்றை எழுதிக் கொடுக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் போய் யாருடைய கோப்பையும் வாங்கிவிட முடியாது. சம்பந்தப்பட்டவர் என்று காட்ட அடையாளச் சான்று வேண்டும். முத்திரை குத்திய பிரதிதான் செல்லும், சும்மா ஒரு நகல் உதவாது. இன்றைக்கு யாராவது என்னிடம் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். அன்றைக்கு ஒவ்வொன்றும் புதிதாக இருந்தது. அக்காவுக்கு ஒரே ஒரு பயம்தான்: "நாம கேட்டா அவருக்குத் தெரியப்படுத்துவாங்களா?"

தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் பக்கத்துத் தீவு நாடு ஒன்றிலிருந்து வந்தவர். அக்கா கேட்டதும், "இல்லை, கண்ணே. உன் கோப்பை நீ கேட்கிறாய், அவ்வளவுதான்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அக்காவின் பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் சேர்ந்திருக்கும். கல்யாணச் சான்றிதழில் வேறு மாதிரி. வேலையில் கணவரின் பெயர். அந்த அம்மாள் முகம் சுளிக்காமல் எல்லா எழுத்திலும் தேடினார். உள்ளே போய்த் திரும்பி வந்தார். இங்கே இல்லை, மற்ற ஊர் நீதிமன்றங்களிலும் கேட்டுப் பதில் அனுப்புகிறேன் என்றார். படியிறங்கும்போது அக்கா, "பேரை மாத்திப் போட்டிருப்பாங்க. நம்ம பேரு இவங்களுக்கு வாயில நுழையாதுல்ல" என்றாள். ரயிலிலும் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பதில் வந்த நாளில் நான்தான் முதலில் படித்தேன். எந்த நீதிமன்றத்திலும் அப்படியொரு உத்தரவு இல்லை. உத்தரவு மட்டுமல்ல, விண்ணப்பமே யாரும் போட்டிருக்கவில்லை. அக்கா கையெழுத்துப் போட்டு அனுப்பிய தாள்கள் எங்கேயும் போய்ச் சேரவில்லை. அக்கா தாளை வாங்கிப் படித்தாள். எழுந்து போய் முன்கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு எல்லாச் சன்னல் திரைகளையும் இழுத்துவிட்டாள். நல்ல வெயில் அடிக்கிற மதியம் அது. "இவ்வளவு வருஷமா நான் யாரு வீட்டுலடி இருந்தேன்?" என்று கேட்டாள்.

அத்தான் மறுநாள் வந்தார். அக்கா அவரிடம், என்னை விட்டுவிடுங்கள், வேறு ஆளைப் பாருங்கள் என்றாள். அவர் தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு, "அவர் போடாட்டி நீங்கள் போடுங்கோ. பிரிஞ்சு இவ்வளவு காலம் ஆச்சுதெண்டால் அதுவே காணும், வேறை ஒண்டும் தேவையில்லை எண்டு சொல்லுறாங்கள். நான் விசாரிச்சுப் பாத்தனான். இதைப்பற்றி இனிக் கதைக்க ஒண்டும் இல்லை" என்றார். அக்கா விண்ணப்பம் போட்டாள். ஆனால் அதில் ஒரு சிக்கல். விண்ணப்பத்தின் பிரதியை எதிர்த்தரப்பின் கையில் நேரில் கொடுக்க வேண்டும். மனைவியே கொடுக்கக்கூடாது, வேறொருவர் கொடுத்து, கொடுத்தேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். அத்தானும் தான் போவதாகச் சொன்னார். நான் விடவில்லை. எனக்கு மாமாவுடைய முகம் தெரியும், அவர் ஒருநாளும் என்னிடம் முகம் கோணியதில்லை என்ற தைரியம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஏவன்டேல் சந்தைக்கு வருவார் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லியிருந்தார். காலையிலேயே போய் நின்றேன். மேகமூட்டமாக இருந்தது. கீரைக் கட்டுகளும் சேப்பங்கிழங்குக் குவியலும் பழைய துணிகளும் பரப்பிய வரிசைகளுக்கு நடுவில் அவரைக் கண்டேன். மெலிந்திருந்தார். தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது. வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அக்காவுக்கு வெண்டைக்காய் இப்படித்தான் பொறுக்கிக் கொண்டுவருவார், ஒன்றுகூட முற்றலாக இருக்காது. என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"தங்கச்சி! பெரிய மனுஷியா ஆயிட்டியே. சாப்பிட்டியா?"

உறையை நீட்டினேன். என்ன ஏது என்று கேட்காமல் வாங்கிக்கொண்டார். பிரிக்கவும் இல்லை. கையில் எடை பார்ப்பதுபோல வைத்திருந்தார்.

"டிவோர்ஸா?"

"ஆமா, மாமா."

"எத்தனையோ வருஷமா அவ என் பொண்டாட்டிதான். அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அது போதும்னு இருந்தேன்."

"அப்ப ஏன் முடிஞ்சிருச்சுன்னு சொன்னீங்க?"

கடைக்காரரிடம் வெண்டைக்காயை நிறுக்கக் கொடுத்துவிட்டு, சின்னப் பிள்ளைக்கு விளக்குவதுபோல நிதானமாகச் சொன்னார். "முடிஞ்சிருச்சுன்னா அவ தேடமாட்டா. ஒருநாள் தேடுறான்னா, வேற எவனோ வந்துட்டான்னு அர்த்தம். எனக்குத் தானா தெரிஞ்சிரும்ல." உறையைத் தட்டிக் காட்டினார். "பாரு, தெரிஞ்சிருச்சு."

பிறகு வெண்டைக்காய்ப் பையை என் கையில் திணித்து, "அக்காகிட்ட குடு" என்றார். நான் அதைச் சந்தை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடாத குறையாக நடந்தேன்.

அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அக்காவிடம் சொன்னேன். மறைத்தால் அவள் இன்னும் மோசமாகக் கற்பனை செய்துகொள்வாள் என்று தோன்றியது. அவள் அசையாமல் கேட்டாள். "அப்படின்னா வருவாரு" என்று மட்டும் சொன்னாள். அந்த வாரங்களை எப்படிக் கடந்தோம் என்று எனக்கே தெரியவில்லை. அத்தான் வேலை முடிந்து தினமும் எங்கள் தெருமுனையில் வந்து கொஞ்ச நேரம் நிற்பார். அவர் நிற்பதைப் பார்த்தால் அக்காவுக்கு வேறொரு கார் ஞாபகம் வந்துவிடும். ஒருநாள் அவரைக் கூப்பிட்டு, "தெருவுல நிக்காதீங்க. வந்தா உள்ள வந்து உட்காருங்க, இல்லன்னா வராதீங்க" என்று கோபமாகச் சொன்னாள். அவர் அன்றிலிருந்து உள்ளே வந்து உட்கார்ந்தார். அப்படித்தான் அவர் எங்கள் வீட்டு மனிதரானார்.

மாமா எதிர்க்கவில்லை. மறுப்பு ஒன்றும் போடவில்லை, வரவும் இல்லை. உத்தரவு பிறந்து, உறுதியாகும் காலமும் கழிந்தது. அக்கா நேரில் போய் முத்திரை குத்திய பிரதியை வாங்கினாள். அதே அம்மாள்தான் கொடுத்தார். ஒன்று போதாது என்று அக்கா மூன்று பிரதி கேட்டாள். கல்யாணம் பாபடோயிட்டோயில் அத்தான் வீட்டுக் கூடத்தில், இருபது பேருக்குள் நடந்தது. தாலி ஏறுகிற நேரத்தில் வெளியே ஒரு காரின் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அக்கா கழுத்தைக் குனிந்தவாறே கண்ணை மூடிக்கொண்டாள். வந்தவர் பந்திக்கு வாழை இலை கொண்டுவந்த பக்கத்துக் கடைக்காரர்.

மாமா வரவே இல்லை. அந்த வருடம் அல்ல, எந்த வருடமும் அல்ல. வந்திருந்தால் ஒரு சண்டையோ போலீஸோ ஏதோ ஒன்றில் அது முடிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. வராததால் அக்கா அவரைத் தினமும் எதிர்பார்த்தாள். வேலை முடிந்து வந்தால், காரில் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று தானே பார்த்துக்கொள்வாள். சில வருடத்துக்கு ஒருமுறை நீதிமன்றத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, தன் கோப்பு இருக்கிறதா என்று கேட்பாள். இருக்கிறது என்பார்கள். நன்றி சொல்லி வைத்துவிடுவாள். அத்தான் அதைப்பற்றி அவளிடம் ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை. "அவ கேக்கட்டும். கேட்டால் அண்டைக்கு நல்லா நித்திரை கொள்ளுவா" என்று என்னிடம் ஒருதரம் சொன்னார்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, தெற்குத் தீவில் எங்கேயோ மாமா இறந்துவிட்டார் என்று ஒரு நண்பர் மூலம் தகவல் வந்தது. தனியாகவே இருந்தாராம். நான் நேரில் போய்ச் சொன்னேன். அக்காவுக்கு அதற்குள் தலை வெளுத்திருந்தது, முழங்கால் வலி, ஆனாலும் நிமிர்ந்த உடம்பு. அவள் கேட்ட முதல் கேள்வி, "யாரு சொன்னா? பேப்பர் பாத்தியா?" என்பதுதான். "வாய்வார்த்தைய நம்பி ஒருதரம் இருந்தாச்சு. எழுதிப் போடு" என்றாள். இந்த நாட்டில் இறப்புச் சான்றிதழை யார் கேட்டாலும் கொடுப்பார்கள். எழுதிப் போட்டேன். வந்தது.

அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசையில் வைத்துப் படித்தாள். பெயர், பிறந்த ஊர், இறந்த நாள், காரணம் எல்லாவற்றையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். திருமணம் கலைக்கப்பட்டவர் என்று இருந்தது. அதைப் படித்ததும் அவள் முகம் இளகியதை நான் பார்த்தேன். அத்தானும் பார்த்தார். விரல் அடுத்த வரிக்குப் போயிற்று. இங்கே இறப்புச் சான்றிதழில், இறந்தவர் எங்கே, எந்த வயதில், யாரை மணந்தார் என்றும் எழுதுவார்கள். எனக்கு அது தெரியாது. ஈப்போ என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில், கல்யாணத்துக்கு முன்பு அவளுக்கு இருந்த பெயர், அப்பாவின் பெயரோடு, ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லாமல் இருந்தது.

விரல் அங்கேயே நின்றது. அத்தான் எழுந்து போய் அவளுக்குப் பின்னால் நின்றார். தோளில் கை வைக்கவில்லை, நின்றார், அவ்வளவுதான். வெளியே அக்காவின் பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா கண்ணாடியைக் கழற்றி, என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுல இருந்து என் பேரை எடுக்கணும்னா, யாருக்கும்மா எழுதிப் போடணும்?"