அவன் வாயால் சொல்ல வேண்டிய சம்மதம்

பல் செட் செய்வது அவள் தொழில். பல் மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் ஈறு அச்சில் மெழுகு வைத்து, பற்களை ஒவ்வொன்றாக நட்டு, மேல்வரிசையும் கீழ்வரிசையும் பொருந்துகிறதா என்று பார்த்துக் கொடுப்பாள். அந்த வட்டாரத்துக் கிழடுகட்டைகளில் பாதிப் பேர் வாய்விட்டுச் சிரிப்பது அவள் புண்ணியத்தில்தான். பட்டறையில் அவளை மிஞ்சிய வாயாடி கிடையாது. தேய்க்கிற மிஷினின் இரைச்சலையும் மீறி அவள் குரல் தெருவரை கேட்கும். அப்படிப்பட்டவள் வீட்டு மாடிப்படி ஏறும்போது மட்டும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வாள்.

புருஷன் வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டர் பார்த்து எழுதுகிறவன். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. பேசமாட்டான், அவ்வளவுதான். 'அவ்வளவுதான்' என்று சொல்லிவிட்டுப் போவது நமக்குச் சுலபம். அந்த வீட்டில் இருந்து பார்த்தால் தெரியும். ஜன்னல் கதவைச் சாத்த மறந்திருப்பாள்; முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வாரக்கணக்கில். என்ன குற்றம் என்றும் சொல்லமாட்டான். "என்னங்க, நான் என்னங்க பண்ணேன்?" என்று அவன் பின்னாலேயே அறை அறையாகப் போவாள். அவன் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவான்.

அவன் டம்ளர் வைக்கிற சத்தத்தை வைத்தே அன்றைய நிலவரத்தைக் கணிக்கப் பழகிக்கொண்டாள். புருவம் ஏறினால் சரி, தாடை இறுகினால் வேண்டாம். வீட்டு ஓனரோ, அவனுடைய சித்தப்பாவோ, யார் அவனிடம் எதைக் கேட்டாலும் பதில் இவளிடமிருந்துதான் வரும். "அவர் சரிங்கிறாருங்க." "அவருக்கு அதுல இஷ்டமில்லீங்க." அவன் ஒருநாளும் மறுத்ததில்லை.

"வாயைத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமாடி உன் உம்மணாமூஞ்சிக்கு?" என்பாள் அக்கா. இவளும் சேர்ந்து சிரித்துவிட்டு மணியைப் பார்ப்பாள்.

ஒருநாள் சாயங்காலம் வீடு திரும்பும் வழியில் பஸ் நின்றுவிட்டது. மற்றவர்களெல்லாம் டிரைவரைக் கரித்துக்கொட்டிக்கொண்டிருக்க, இவள் மட்டும் கண்ணை மூடி, இது சரியாகவே கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தாள். தான் வேண்டுவது இன்னதென்று உறைத்ததும் அவளுக்கே பயமாகிவிட்டது. இறங்கி அக்கா வீட்டுக்கு நடந்தாள். அப்புறம் திரும்பிப் போகவில்லை.

விவாகரத்துக்குச் சட்டப்படி பிரிந்திருக்க வேண்டிய ஒரு வருஷம் கழிந்ததும் வக்கீலம்மா இருவர் பேரிலும் மனு எழுதினார். அக்கா புருஷன் அதை எடுத்துக்கொண்டு போனார். அவன் ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டானாம். சம்மதித்துப் போட்டானா, கோபத்தில் போட்டானா? முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருப்பாள்.

"குழந்தை இல்ல, சொத்துத் தகராறு இல்ல, எதிர்ப்பும் இல்ல. வழுக்கிட்டுப் போற கேஸும்மா," என்றார் வக்கீலம்மா. "ஜட்ஜ் ரெண்டு பேரையும் கேப்பாரு. சம்மதம்னு வாயால சொல்லணும்."

"வாயாலயா?"

"பின்ன? ஒருத்தர் சொல்லலன்னாலும் மனு தள்ளுபடிதான். அப்புறம் நீ தனியா கேஸ் போட்டு, அவர் பண்ண கொடுமைய நிரூபிக்கணும்."

எதைக் காட்டி நிரூபிப்பது? அடித்திருந்தால் தழும்பாவது இருக்கும்.

கோர்ட் வராந்தாவில் அவன் தோளில் பையோடு, தூணில் சாய்ந்து நின்றிருந்தான். தாடை இறுகியிருந்தது. அதைப் பார்த்ததும் இவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அவர் சொல்லமாட்டார்க்கா. முகமே சொல்லுது. என்னைத் திரும்பக் கூட்டிட்டுப் போயிடுவார்," என்றாள். "அவன் கூட்டிட்டுப் போற வரைக்கும் நான் பூப்பறிச்சிட்டு இருப்பேனாடி?" என்று அதட்டினாளே தவிர, அக்காவுக்கும் குரல் பிசிறியது.

உள்ளே கூப்பிட்டார்கள். அவளை முதலில் கேட்டார் நீதிபதி. "சம்மதங்க ஐயா," என்றாள். காற்றுதான் வந்தது. இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.

"நீங்க?"

அவன் பேசவில்லை.

"உங்களைத்தாங்க கேக்கறேன். பிரியறதுக்கு உங்களுக்குச் சம்மதமா?"

அவன் புருவம் லேசாக ஏறியது. அது போதாதா அவளுக்கு! இத்தனை வருஷப் பழக்கம், நாக்கு முந்திக்கொண்டது.

"சரிங்கிறாருங்க ஐயா."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார்.

"அவருக்கு நீங்க ஏன் பதில் சொல்றீங்க? கையெழுத்தும் இப்படித்தான் போட்டீங்களா?"

எதற்கெல்லாமோ பயந்திருந்தாள், இந்தப் பயம் அவள் கணக்கிலேயே இல்லை. கெடுத்துவிட்டாள், தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டாள். வக்கீலம்மா எழுந்து ஏதோ சொல்லப்போக, நீதிபதி கையமர்த்தினார்.

"கடைசியா ஒரு தடவை கேக்கறேன், சம்மதமா? அவர் சொல்லலன்னா மனுவைத் தள்ளிடுவேன்."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். வீட்டு ஓனர் வாசலில் நிற்கும்போது பார்ப்பானே, அதே பார்வை. சொல்லேன் என்கிற பார்வை. அவளுக்கு உதடு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். இன்றைக்கு ராத்திரி அந்த மாடிப்படியைத் திரும்ப ஏறுவோம் என்றே முடிவுகட்டிவிட்டாள்.

"சம்மதம்," என்றான் அவன்.

சத்தமாகத்தான் சொன்னான். அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களை யாராவது மிரட்டினாங்களா?"

"இல்லீங்க. கையெழுத்தும் நான் போட்டதுதான்."

"அப்புறம் ஏன் பிரியறீங்க?"

அவன் பையின் வாரைத் திருகிக்கொண்டே சொன்னான்: "அவளுக்கு என்னைக் கண்டா பயங்க. நான் வர்ற சத்தம் கேட்டாலே கை நடுங்கும் அவளுக்கு. கல்யாணம் ஆன புதுசுலேர்ந்தே."

அவள் நிமிர்ந்தாள். நடுங்குகிற கையை முந்தானைக்குள்ளும், பாத்திரத்துக்குப் பின்னாலும் எத்தனை வருஷம் ஒளித்திருக்கிறாள்! பாவம், அவருக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் ஒரு வார்த்தை பேசியிருப்பார் என்றுதான் அத்தனை வருஷமும் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு நினைப்பில்தான் அந்த வீட்டில் காலம் தள்ளினாள். பயம் வடிந்த இடத்தில் ஆத்திரம் குபுகுபுவென்று ஏறியது.

"தெரியுமா?" என்றாள், கோர்ட் என்றுகூடப் பார்க்காமல். "தெரிஞ்சேவா பேசாம இருந்தீங்க?"

வக்கீலம்மா அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தார். அவள் நகரவில்லை. நீதிபதியும் அவளை அடக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவன் பதிலுக்காக அவரும் காத்திருந்தார்.