சக்கரம் இல்லாத ரயில்: கே.ஜி.எஃப்பில் ஓர் ஓவியக் கண்காட்சி

ஓடுகிற எதையும் என்னால் வரைய முடிந்ததில்லை. பயணங்களில் நான் கிறுக்குவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: என் பஸ் எப்போதும் டிப்போவில் நிற்பதுபோலவே இருக்கும். அதனால்தான் பெங்களூர் ஓவியக் கல்லூரி ஒன்றில் பாடம் எடுக்கும் என் தோழி கல்பனா, "எங்க பசங்க அசைவைப் படமா போட்டிருக்காங்க, கே.ஜி.எஃப்ல. வந்து பாரு" என்றதும், போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை கிளம்பிவிட்டேன்.

கோலார் தங்கவயல் என்கிற அந்த ஊரில் டம்பர் லாரியும் புல்டோசரும் செய்யும் தொழிற்சாலையும் கல்லூரியும் சேர்ந்து செய்த ஏற்பாடு இது. சிறந்த படம் தொழிற்சாலையின் முகப்புக் கூடத்தில் மாட்டப்படும். வரைந்தவருக்கு அங்கேயே டிசைன் பிரிவில் ஓராண்டுப் பயிற்சி, உதவித்தொகையோடு.

பெங்களூரிலிருந்து கே.ஜி.எஃப்பின் கடைசி ஸ்டேஷனான மாரிக்குப்பம் சுமார் நூறு கிலோமீட்டர். சாதாரண ரயில், டிக்கெட் முப்பது ரூபாய், இரண்டரை மணி நேரம். காலையில் கே.ஜி.எஃப் முழுக்க பெங்களூருக்கு வேலைக்கு வந்துகொண்டிருக்கும். நாம் எதிர்த்திசையில் போவதால் ஜன்னலோர இடம் நிச்சயம். பங்காரப்பேட்டையில் டீ குடிக்க நேரம் இருந்தது.

மாரிக்குப்பத்தில் இறங்கியதும் ஆட்டோக்காரர் ஒருவர், "இன்னா மேடம், மைன் பாக்கவா? உள்ள வுட மாட்டாங்க" என்றார்.

"இல்லீங்க, படம் பார்க்க."

"எந்த தியேட்டரு?"

விளக்கினேன். சிரித்துவிட்டார். "அப்படி சொல்லுங்க. நம்ம தனபாலு பொண்ணு பிரீத்தி கூட போட்டுக்கீது. ரயில்ல போறவங்கள வரைஞ்சிருக்குதாம். என் தம்பியும் அதுல கீறானாம்."

நந்திதுர்க் சுரங்கப் பகுதி வழியாக, தங்கம் பிரித்த கழிவு மண் மலைபோல் குவிந்த சயனைடு மேடுகளைத் தாண்டி, ராபர்ட்சன்பேட்டை அருகே இருந்த கண்காட்சி அரங்கில் இறக்கிவிட்டார். நூற்றிருபது ரூபாய்.

உள்ளே இருபதுக்கும் மேற்பட்ட படங்கள். பலர் சக்கரத்துக்குப் பின்னால் கோடு கோடாக இழுத்து வேகத்தைக் காட்ட முயன்றிருந்தார்கள். அதாவது, என்னைப்போலவே தோற்றிருந்தார்கள். தர்ஷன் என்ற மாணவரின் படம் வேறு ரகம். டம்பர் மண்ணைக் கொட்டுகிறது. வண்டி நிற்கிறது, மண் மட்டும் சரிகிறது. பார்க்கும்போது நானே ஓரடி பின்னால் போனேன்.

பிரீத்தியின் படம் கடைசிச் சுவரில் இருந்தது. விடியாத நேரத்து ரயில் பெட்டியின் உட்புறம். வண்டி பிரேக் போடுகிறது போலும். நிற்பவர்கள், உட்கார்ந்தபடி தூங்குபவர்கள், கொக்கியில் தொங்கும் சாப்பாட்டுப் பைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்கின்றன. ஒருவர் விழாமலிருக்க உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவரின் தோளைப் பிடித்திருக்கிறார். அவரும் தோளைக் கொடுத்துக்கொண்டே தூங்குகிறார்.

அதன் முன்னால் நின்று பிரீத்தியும் தொழிற்சாலைப் பொறியாளர் ரவிச்சந்திரனும் பேசிக்கொண்டிருந்தார்கள். ரவிச்சந்திரனின் அப்பா திருச்சியிலிருந்து இந்தத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். நடுவர்கள் மூவரில் இவரும் ஒருவர்.

"நல்லா இருக்கும்மா. ஆனா வண்டி எங்க? மத்த ரெண்டு பேரும் அதைத்தான் கேட்பாங்க. ஒரு ஓரத்துல ஒரு சக்கரமாவது தெரியட்டுமே. சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு."

பிரீத்தி படத்தின் பக்கம் திரும்பினாள். ஒரு சாக்பீஸை எடுத்து, திறந்த கதவுக்குக் கீழே, படத்தின் மூலையில் ஒரு சக்கரம் வரைந்தாள். நன்றாகவே வரைந்தாள். மூவரும் விலகி நின்று பார்த்தோம். கண் நேராகச் சக்கரத்துக்குத்தான் போனது.

ரவிச்சந்திரன் வெகுநேரம் பார்த்தார். பிறகு, "ஜனங்க சரக்கு மாதிரி ஆயிட்டாங்க இல்ல?" என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார். "நான் சொன்னதுதான். ஆனா இப்ப எனக்கே பிடிக்கல. நீயே முடிவு பண்ணிக்கோம்மா."

அவர் போனபின் பிரீத்தி ஈரத்துணியால் அதைத் துடைத்தாள். பக்கத்துக் கடையில் நான் வாங்கிக்கொடுத்த டீயைக் குடித்தபடி பேசினாள். அப்பாவுக்கு பெங்களூரில் செக்யூரிட்டி வேலை. அவளுக்குக் கல்லூரியும் அங்கேதான் என்பதால் இருவரும் தினமும் முதல் வண்டி.

"இந்த ட்ரெய்னிங் கெடச்சா ஒரு வருஷம் அந்த வண்டிய பாக்க வேணாம் அக்கா. இங்கேயே சைக்கிள்ல போயிடலாம்."

"அப்புறம் ஏன் சக்கரத்தை அழிச்ச?"

"வெச்சுத்தான் பாத்தேனே. அதுல அப்பா எங்க கீறாருன்னே தெரியல."

மாலையில் முடிவைச் சொன்னார்கள். தர்ஷன். அவன் படத்துக்குத் தகும். பிரீத்தியே முதலில் கை தட்டினாள். அவளுடைய படத்தைத் தொழிற்சாலை கேன்டீனில் மாட்டப்போவதாக ரவிச்சந்திரன் அறிவித்தார். அந்த இடம் அவரே நிர்வாகத்திடம் கேட்டு வாங்கியது என்று கல்பனா பிறகு சொன்னாள். பிரீத்தி நன்றி சொல்லிவிட்டு, கைகழுவும் இடத்துக்குப் போய் நீண்ட நேரம் முகம் கழுவினாள்.

யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் தனபால் வந்து சேர்ந்தபோது அரங்கைப் பூட்டத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். படத்தை மெதுவாகப் பார்த்தார். தோளைப் பிடித்துக்கொண்டிருப்பவர் அவர்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நான் இப்படியா தூங்கறவன் தோள புடிச்சிக்கினு வரேன்?"

"டெய்லி" என்றாள் பிரீத்தி.

"அந்த ஆளு ஏன்னு ஒரு நாளும் கேட்டதில்லமா." சாப்பாட்டுப் பையைக் கைமாற்றிக்கொண்டு, "கெடைக்கலையா?" என்றார்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"போனா போவுது. திங்கக்கெழம என் தோள புடிச்சிக்க."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் அவர் கையிலிருந்த சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டாள்.

அசைவை வரைய வண்டியைப் பார்க்கக் கூடாது, வண்டி யாரை அசைக்கிறது என்று பார்க்க வேண்டும்: நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். இன்னும் வரைய வரவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காலை வெயிலுக்கு முன் போய்விடுங்கள்; ஆட்டோவில் ஏறும்முன் வாடகையைப் பேசிக்கொள்ளுங்கள்; பேத்தமங்களா ஏரியையும் பார்ப்பதானால் முழுநாள் வேண்டும். கேன்டீனுக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள், எனவே பிரீத்தியின் படத்தை நீங்கள் பார்க்க முடியாது. ஊரில் ஒரு இரவு தங்கி, மறுநாள் முதல் வண்டியில் பெங்களூர் திரும்புவதாக இருந்தால் ஒன்று மட்டும். உட்கார இடம் கிடைத்தாலும் நின்றபடி வாருங்கள். நமக்கு அது ஒருநாள் பயணம். பக்கத்தில் யாராவது உங்கள் தோளைப் பிடித்தால் பிடித்துக்கொள்ளட்டும்.