மில்லுக்காரரு பெட்டியில வெதைக்கடலை

சவப்பெட்டிங்கற பேரையே என்ற மருமக வாயெடுத்துச் சொல்ல மாட்டாளுங்க அம்மணி. அப்பெல்லாம் ‘அது’ம்பா. அது இருந்த சாளைக் கொட்டகைப்பக்கமே போவ மாட்டா. நீங்க இந்தத் தெருவுக்குக் குடிவரலை அப்ப. அன்னூருல கேபிள் டிவி வந்த புதுசு.

நம்ம சனத்துல பாடைதானுங்களே, பெட்டி ஏது? எதுத்த ஊட்டுக்காரரு மில்லுல ரிட்டையரானவரு, சர்ச்சுக்குப் போறவரு. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில அவரைக் கைவிட்டுட்டாங்க. மகன் அவசரப்பட்டு, அப்பனுக்கு மூச்சு இருக்கையிலயே ஆசாரிகிட்ட அளவு குடுத்துப்போட்டான். வேப்பம்பலகையில பெட்டி ரெடியான அன்னைக்குப் பெருசு கண்ணு முழிச்சு ரசஞ்சோறு கேட்டிருக்குது.

ஒருத்தரு அளவுல செஞ்சதை இன்னொருத்தருக்குக் குடுக்கப்படாதுன்னுட்டாரு ஆசாரி. அவிய ஊட்டுலயும் வெக்க முடியாது, ஆளு முன்னாடி உக்காந்திருக்கறாரு. எனக்கோ அந்த வருசம் எலி. மூட்டையில வெச்ச வெதைக்கடலை பாதி போச்சு. மீதியும் போனா ஆடிக்கு வெதைக்க ஒண்ணுமில்லை. பெட்டியோட மூடி கச்சிதமா உக்காருது. கேட்டு வாங்கிட்டு வந்துட்டேன். மருமக நாலு நாள் பேசலை.

“பொணம் படுத்தாத்தான கண்ணு அந்தப் பேரு. இப்பக் கடலைதான படுத்திருக்குது”ன்னேன்.

ஒரு நாள் மில்லுக்காரரே தடியை ஊனீட்டு வந்தாரு.

“ஏனுங்க, என்ற பெட்டி எப்படிங்க இருக்குது?”

“எலி ஏறலைங்க.”

மூடியைத் தட்டிப் பாத்தாரு. தோள்பட்டைகிட்ட கொஞ்சம் எறுக்கமா இருக்கும்போலன்னு சொல்லீட்டு, ஒரு கை கடலை அள்ளிட்டுப் போனாரு. அப்பறம் வாரா வாரம் வந்தாரு. வெதைக்கடலையில ஒருத்தரையும் கை வெக்க உடமாட்டேனுங்க. அவருக்கு எப்படி இல்லைங்கறது? அவரு பெட்டி.

மூணு வருசம் கழிச்சு, ஒரு ஆனி மாசம், தூக்கத்துலயே போயிட்டாரு. மகன் வந்து வாசல்லயே நின்னான். அப்பா அதுலதான் போவணும்னு சொல்லியிருக்கறாருங்க ஆத்தான்னான். வெதைப்புக்கு இன்னும் ஒரு மாசம் கெடக்குது. மூட்டைக்கு மாத்துனா மறுக்கா எலி. நான் ரோசனை பண்றதுக்குள்ள மருமக சேலையைச் சொருவிட்டு, மொறத்துல கடலையை அள்ள ஆரம்பிச்சுட்டா.

“எங்க கண்ணு கொட்டறே?”

“உங்க கட்டில்லதானுங்க அத்தை. நீங்க கீழ படுத்துக்குங்க. எலி வந்தா முழிச்சுக்குவீங்கல்ல.”

தொடைச்சும் பெட்டி மூலையில நாலு கடலை நின்னுபோச்சு. எடுக்க வேண்டாம்னு மகன் சொல்லிட்டான். நான் ஒரு மாசம் தரையில படுத்தேன். எலி வந்துது, நானும் முழிச்சேன், வெதை தப்பிச்சுது. இன்னைக்கும் மருமக அந்தப் பேரைச் சொல்றதில்லை. மில்லுக்காரரு பெட்டிம்பா.

இருங்க அம்மணி, காயப்போட்ட கடலையில கோழி எறங்கிடுச்சு. தொரத்திப்போட்டு வாரேன்.